நிறுத்தத் தெரியாத கை

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுகிறோம். பெல்ட்டில் பலகை நகர்ந்து வரும். அதில் வயரைப் படுக்க வைத்து, முனையில் கனெக்டரைச் சொருகி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். பத்தாவதுக்கு மேல் படிக்காத எனக்கு இந்த வேலையைக் கர்த்தர்தான் கொடுத்தார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

போன வருஷம் பேட்டரி கார் வயருக்கென்று புது லைன் போட்டார்கள். பழைய லைனை மூடப் போகிறோம், பயிற்சி கொடுத்து டெஸ்ட் வைப்போம், தேறியவர்கள் புது லைனுக்குப் போகலாம், தேறாதவர்களுக்கு இத்தோடு கான்ட்ராக்ட் முடிந்தது என்றார்கள். என் வீட்டுக்காரர் முதுகெலும்பில் அடிபட்டு லோடு ஏற்றப் போக முடியாமல் வீட்டோடு இருக்கிறார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அந்த டெஸ்டுக்காக நான் உபவாசம் இருந்தேன்.

கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் சின்னதாக ஒரு பெல்ட் போட்டுப் பயிற்சி நடந்தது. சொல்லிக் கொடுத்தது திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு. டிப்ளமோ முடித்துவிட்டு வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்தது. எங்கள் எல்லோரையும் யக்கா என்றே கூப்பிடும். பேட்டரி வண்டியில் கரண்ட் அதிகம், கனெக்டருக்குள் ஒரு பின் கோணலாக இருந்தாலும் வண்டியே தீப்பிடிக்கும் என்று விளக்கியது. அதனால் கோளாறான பீஸ் வந்தால் மஞ்சள் லைட் எரியும். பீஸைத் தொடக்கூடாது. சிவப்புப் பட்டனை அமுக்கி மொத்த லைனையும் நிறுத்திவிட வேண்டும்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்க்கா. பட்டனை அமுக்கிட்டு கையைக் கட்டிட்டு நில்லுங்க. எஞ்சினியரு வந்து பாத்துக்கிடுவாரு."

எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் அக்கா சும்மா இருப்பாளா. "கையக் கட்டிகினு நிக்கறதுக்கு சம்பளமா? எங்க வூட்டுக்காரரு வருஷக்கணக்கா அத்த சும்மாவே செய்றாரு" என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

விதி எல்லோருக்கும் மனப்பாடம். என் வீட்டுக்காரரிடமும் சொல்லிக் காட்டினேன்.

ஆனால் பழைய லைனில் பெல்ட்டை நிறுத்துவது பாவம் செய்ததற்குச் சமம். நின்றால் தலைக்கு மேலே போர்டில் நம் இடத்தின் நம்பர் சிவப்பாக எரியும். சூப்பர்வைசர் ஓடி வருவார். மறுநாள் காலைக் கூட்டத்தில் நிறுத்தியவளை முன்னால் நிற்க வைப்பார்கள். சேர்ந்த புதிதில் ஒருமுறை நானும் நின்றேன். அதற்கப்புறம் நின்றதே இல்லை. கோணல் பின் வந்தால் வலது கை அடுத்த வயரை எடுக்கும்போதே இடது கட்டைவிரல் நகம் அந்தப் பின்னை நிமிர்த்திவிடும். அதற்காகவே அந்த ஒரு நகத்தை மட்டும் வளர்த்திருப்போம். பழைய ஆட்கள் எல்லோர் கையிலும் அதைப் பார்க்கலாம்.

டெஸ்ட் அன்று பெல்ட் ஓடியது. மஞ்சள் லைட் எரிந்தது. பார்த்தேன், பட்டன் என்று மனசும் சொன்னது. அதற்குள் நகம் பின்னை நிமிர்த்திவிட்டது. லைட் அணைந்தது, பீஸ் நகர்ந்து போனது. பெல்ட் நிற்கவில்லை என்று எனக்கு ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் அந்தப் பொண்ணின் முகத்தைப் பார்த்தேன்.

"யக்கா, அதை எதுக்குத் தொட்டிய?"

அக்காவும் அதையே செய்தாள். பழைய ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சேர்ந்து சில மாதமே ஆன பிள்ளைகள் பட்டனை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தேறிவிட்டார்கள்.

அக்காவும் நானும் சூப்பர்வைசரிடம் போனோம். எங்களை அன்று நிற்க வைத்த அதே மனிதர்.

"நிறுத்தாதன்னு நீங்கதான சார் எங்கள நிக்க வெச்சீங்க" என்றாள் அக்கா.

அவர் கோபப்படவில்லை. "அது அந்த லைனும்மா. இது வேற" என்றார். மேலதிகாரிகளிடம் பேசி, இன்னொரு தடவை டெஸ்ட் எழுந்து செய்ய வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

இந்த முறை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போனேன். பட்டன், பட்டன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். லைட் எரிந்தது. நகம் இல்லாத விரல் போய்ச் சதையாலேயே பின்னை அழுத்தியது. குத்திக்கொண்டு, வெள்ளைக் கனெக்டரில் ரத்தம் பட்டது. அப்போதும் பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் அந்தப் பொண்ணே ஓடி வந்து பட்டனை அமுக்கியது. என் விரலைப் பிடித்துக்கொண்டு அழுதது அதுதான். எனக்கு அழுகை வரவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு பட்டன அமுக்கறதுதான? சின்னப் பொண்ணுங்கல்லாம் அமுக்குதுங்க. நீ ஏன் அமுக்கல?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எப்படிச் சொன்னாலும் என் காதுக்கே அது நொண்டிச்சாக்காகக் கேட்டது. விட்டுவிட்டேன்.

பழைய லைன் இந்த மாதக் கடைசி வரை ஓடும். அதுவரை கம்பெனி பஸ் வரும். பஞ்சாயத்து மண்டபத்தில் இலவசமாகத் தையல் பயிற்சி இருக்கிறது, வெளியே போகிறவர்கள் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். யாரும் பேர் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று பாஸ்டர் கேட்டார். வேலைக்காக என்றேன். தெரிந்தவர்களிடம் சொல்லி வைக்கிறேன், உனக்கு என்ன வேலை தெரியும் என்றார். இடது கட்டைவிரலை வலது கைக்குள் மறைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடிவிட்டார்கள். அவரும் அதற்கு மேல் கேட்காமல், என் தலையில் கையை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார்.