கழுவி வைத்த பாட்டில்

காலை ரவுண்டில் டாக்டர் கட்டிலுக்கு அடியில் இருந்த சிறுநீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. "பெஷாப் பந்த், சிஸ்டர். கிட்னி போச்சு. வீட்டுக்கு அனுப்பிடு, பெட் வேணும்" என்று இந்தியும் இங்கிலீஷுமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். கிட்னி நின்றுவிட்டால் அந்த அறுபதுகளில் எங்களிடம் செய்ய ஒன்றும் கிடையாது.

பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் நான் நர்ஸ். தாராவித் தமிழர் யார் வந்து படுத்தாலும் டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் பேசுவது என் தலையில்தான் விழும். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை, கால்வலிதான் மிச்சம்.

கட்டிலில் கிடந்தவர் தோல் பதனிடும் வேலை பார்த்த சுடலைமுத்து. மூச்சிரைப்பு, கால் வீக்கம். பயிற்சி வகுப்பில் ரத்த ஓட்டம், சுவாசம், ஜீரணம், கழிவு என்று ஒவ்வொரு மண்டலத்தையும் தனித்தனிப் பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதினோம். வார்டுக்கு வருகிற மனிதன் அப்படிப் பிரிந்து வருவதில்லை. இதயம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கும், கால் வீங்கும், கிட்னிக்குப் போதிய ரத்தம் போகாமல் சிறுநீர் குறையும். இவருக்கு நீர் இறங்க ஊசி போட்டிருந்தோம். அது வேலை செய்கிறதா என்று சொல்ல அந்தப் பாட்டில் ஒன்றுதான் இருந்தது.

அவர் மனைவி இசக்கியம்மாளிடம் போய் நின்றேன். எத்தனை தடவை சொன்னாலும் பழகாத வேலை இது.

"யம்மா, அண்ணாச்சிக்கு ஒண்ணுக்கு வரவே இல்லியாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுதாரு டாக்டர்."

"வரலியா? விடிய விடியப் போனாகளே! நாந்தான ஊத்திட்டு, சோப்புப் போட்டுக் கழுவி வச்சேன்?"

"சேத்து வைக்கணும்னு யாரும் சொல்லலியா?"

"ஒரு சிஸ்டர் மராத்தியில என்னமோ சொன்னா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. மூத்திரத்த வச்சிக்கிட்டா மனுசன் கெடப்பாரு? பாக்க வாரவங்க என்ன நெனப்பாங்க? பொண்டாட்டி இருந்தும் நாறிக் கெடக்காருன்னு சொல்ல மாட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டும். ஓடிப்போய் டாக்டரை மறித்துச் சொன்னேன். "சரி, இருக்கட்டும். ஆனா பாட்டில் உன் பொறுப்பு" என்றார். இருக்கிற பொறுப்புகளோடு இன்னொன்று.

மறுநாள் காலை பாட்டில் நிறைந்திருந்தது. இசக்கியம்மாள் அதைக் கழுவவில்லை. ஆனால் துவைத்த சேலைத் துணியால் கழுத்துவரை மூடிக் கட்டியிருந்தாள். டாக்டர் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, தானே திரும்பக் கட்டினார். சில நாளில் வீக்கம் வடிந்து, சுடலைமுத்து சுவரைப் பிடித்தபடி நடந்தே வீட்டுக்குப் போனார்.

பின்னாளில் வார்டுக்கு வந்த புது நர்ஸுகளுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான்: பாட்டில் காலியாக இருந்தால், கிட்னியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பெண்டாட்டியைக் கேளுங்கள்.