ராகு காலத்துக்குள் மாட்ட வேண்டிய கார்டு

அக்காவின் கணவர் ஒரு பொருளைக் கொடுத்தால், அதை வாங்கிக்கொண்ட குற்றத்துக்காக நாம் ஆயுள் முழுக்கத் தலையாட்ட வேண்டும். அவருக்குக் கெலாங் பாத்தாவில் வீடு, எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. தினமும் பாலம் தாண்டுவதாலேயே தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு. மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். மரியாதை வாயோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவோடு தெப்ராவுக்கு, என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு. கூட வேலை செய்பவர் பயன்படுத்திக் கழித்தது. நான் கல்யாண வீடியோக்களை வெட்டித் தொகுப்பவள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று அக்காவிடம் வாய்விட்டுப் புலம்பியதன் பலன் இது. அவர் காரைவிட்டு இறங்கும் முன்பே குடும்பக் குழுவில் படம் வந்துவிட்டது, கொழுந்தியாவுக்கு மாமாவின் பரிசு என்று.

என்னிடம் இருப்பது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். ஏதோ அலுவலகத்தில் ஓடி ஓய்ந்ததை வாங்கியிருந்தேன். அந்த வாரம் கொடுத்தாக வேண்டிய கல்யாணம் ஒன்று பாதி வெட்டிய நிலையில் அதற்குள் இருந்தது. அது படுத்தால் என் பிழைப்பும் படுத்துவிடும். அதனால், தாங்குமா என்று பார்த்துவிட்டு மாட்டலாம் என்றேன்.

அவரும் பார்த்தார், சுவரில் தொங்கிய நாள்காட்டியை. சாயங்காலம் ராகு காலம் வருகிறதாம், அதற்குள் மாட்டிவிட வேண்டுமாம். யாரோ கழித்த கார்டுக்கு நல்ல நேரம். அக்கா சமையலறையில் சந்தனம் குழைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். மின்சாரம் கொடுக்கும் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். அந்தக் கார்டு கேட்கிற வாட்டில் பாதிகூட அதனால் தர முடியாது. கார்டுக்குத் தனியாக ஒரு மின்கம்பி வேண்டும், அந்தப் பெட்டியிலிருந்து அப்படி ஒரு கம்பியே வரவில்லை. தையல் நாடாவை எடுத்து நீளத்தை அளந்தேன். ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும் கூடு குறுக்கே நின்றது. கார்டு இரண்டு விரற்கடை நீளம் அதிகம்.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போடுறது லா," என்றார் மாமா. சட்டைப் பையிலிருந்து ஒட்டுக் கம்பி ஒன்றை எடுத்தார். இதை வைத்து வேறு இடத்திலிருந்து கரண்டு இழுத்துக்கொள்ளலாமாம். பிறகு நாள்காட்டியை இன்னொரு முறை பார்த்துவிட்டு, கூட்டை வளைக்க இடுக்கி கேட்டார். நான் கொடுக்கவில்லை. வெறும் கையாலேயே அந்தக் கூட்டைப் பிடித்தார். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் முழுக்க அதற்குள்தான் இருந்தது.

"இது என் சோறு மாமா. கைய எடுங்க."

எடுத்தார். உன் தங்கச்சிக்குத் திமிர் கூடிப்போச்சு என்று அக்காவிடம் சொன்னார். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு சமையலறை வாசற்படியில் நின்றாள்.

"ஆசையா கொண்டாந்தாரு. நல்ல நேரத்துல மாட்டிட்டுப் போகட்டுமே," என்றாள்.

அவர்மேல் எனக்கு வந்தது எரிச்சல், அது பழகியது. அக்கா சொன்னது வலித்தது. அந்தக் கம்ப்யூட்டரை வைத்துத்தான் வாடகை கட்டுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

போட்ட தேநீரைத் தொடாமல், கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். குழுவில் இருந்த படமும் மறைந்தது. அக்கா போன் செய்வதை நிறுத்தினாள். கல்யாண வீடியோவை என் மெதுவான கம்ப்யூட்டரிலேயே முடித்து, சொன்ன நாளில் கொடுத்தேன்.

சில வாரங்கள் கழித்து, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவே கூப்பிட்டாள். குரல் தழைந்திருந்தது. அந்தக் கார்டை மாமா தன் கம்ப்யூட்டரில் அதே ஒட்டுக் கம்பியோடு மாட்டினாராம். கருகின வாடை வந்ததாம், இப்போது எதை அழுத்தினாலும் உயிர் வரவில்லையாம். பிள்ளைகளின் படங்களெல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டன, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்றாள். மாமா பக்கத்தில்தான் இருந்தார். தொண்டையைக் கனைப்பது கேட்டது.

மாட்டுவதற்கு முன் வாட் பார்த்தாரா என்று கேட்டேன்.

"நல்ல நேரம் பாத்துத்தான்டி மாட்டுனாரு," என்றாள் அக்கா.

எனக்குப் பாவமாக இல்லை. பிள்ளைகளின் படங்களை எண்ணிக்கூட மனம் இளகவில்லை. நாள்காட்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன்.

"ராகு காலம் வருதுக்கா," என்றேன். "முடியட்டும், பாக்கலாம்."

போனை வைத்துவிட்டு, அடுத்த கல்யாணத்தை வெட்ட உட்கார்ந்தேன்.