மார்ச்சில் விளையும் பயிற்சி

மரக்காணத்து உப்பளத்து ஜனங்களுக்குச் சர்க்கார் ஆயில் இன்ஜின் ரிப்பேர் கற்றுக்கொடுத்ததாம். அவர்கள் பாதியில் எழுந்து ஓடிவிட்டார்களாம். முதலில் ஓடியது ஒரு பொம்பளையாம். கோட்டக்குப்பம் டீக்கடையில் இதைச் சொன்னவர் கலியபெருமாள். பயிற்சிக்கு நாற்காலி வாடகைக்கு விட்டவர் என்பதால் தொழிற்கல்வியில் அவருக்குப் பழுத்த அனுபவம் உண்டு. இந்த ஜனங்களுக்கு முன்னேறும் எண்ணமே கிடையாது என்று முடித்தார். நாற்காலி வாடகை அவருக்கு வந்துவிட்டது.

முன்னேற மாட்டேன் என்று ஒருத்தி அடம்பிடிப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன்.

முதலில் ஓடிய அந்த அமராவதிக்கு வயது இருபத்தாறு. எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்த மறு மாதமே உப்பளத்தில் இறங்கியவள். உப்பு வாருகிறவர்களுக்கு வேலை இருக்கிற நாளில்தான் கூலி. ஐப்பசியில் மழை இறங்கிப் பாத்தியெல்லாம் ஏரியாகிவிட்டால், தை வரைக்கும் கூலி கிடையாது. முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கித்தான் சாப்பாடு. கிணற்று உப்புநீரைப் பாத்திகளுக்கு இறைக்கிற ஆயில் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மட்டும் மாதச் சம்பளம், மழையிலும் உண்டு. அந்த ஆள் போன வருஷம் மெட்ராஸ் பக்கம் போய்விட்டார். சர்க்கார் சர்ட்டிபிகேட் கொண்டுவந்தால் நீயே இன்ஜினைப் பார்த்துக்கொள் என்றார் முதலாளி. அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அமராவதி சிரிக்கவில்லை.

ஐப்பசியிலேயே பயிற்சி கேட்டு யூனியன் ஆபீசில் மனு கொடுத்தாள். ஊரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்த காலம். அப்போது பயிற்சி வைத்திருந்தால் கிழவர்கள்கூட வந்து உட்கார்ந்திருப்பார்கள். நிதி வரவில்லை, காத்திரு என்றார்கள். நிதி மாசியில் வந்தது. உப்பும் மாசியில்தான் வந்தது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. உப்புக்கு ஒரு பருவம் இருப்பதுபோல் சர்க்காருக்கும் ஒரு பருவம் உண்டு. உப்பு வெயிலில் விளையும். சர்க்கார் மார்ச்சில் விளையும். பதினோரு மாதம் ஈரத்தில் கிடக்கிற பணம் அந்த ஒரு மாதத்தில் பளிச்சென்று பூத்து, யார் கைக்கோ வாரப்பட்டு, முப்பத்தொன்றாம் தேதி காணாமல் போகும்.

அட்வான்ஸ் வாங்கியவர்கள் பருவத்தில் பாத்திக்கு வராமல் இருக்க முடியாது. அமராவதியைக் காப்பாற்றியது அடுத்த பாத்திக்காரி பொன்னி. அங்கே உப்பு வாருவது விடியலில். ஒருத்தி வர முடியாவிட்டால் இன்னொருத்தி அவள் பாத்தியையும் சேர்த்து வாருவாள். பதிலுக்குப் பணம் வாங்குவதில்லை. ஒரு விடியலுக்கு இன்னொரு விடியல் வாரிக் கொடுக்க வேண்டும். பொன்னி மாசி முழுக்க இரண்டு பாத்தி வாரினாள். உப்பு அரித்து உள்ளங்கை வெடித்துப் போனது. அமராவதி பிஸ்டனைக் கழற்றவும் மாட்டவும் கற்றுக்கொண்டாள்.

பங்குனியில் ஒருநாள் விடியும்போதே கடல்மேல் கறுத்துக்கொண்டு வந்தது. விளைந்த உப்பில் மழை விழுந்தால் அத்தனையும் தண்ணீர். பொன்னி ஒருத்தியால் இரண்டு பாத்தியை அள்ள முடியாது. அமராவதி பாத்திக்கு ஓடினாள், பயிற்சியில் சேர்ந்திருந்த மற்ற உப்பளத்தாரும் ஓடினார்கள். அள்ளிக் குவித்து ஓலை போட்டு மூடிவிட்டு, முழங்கால் வரை உப்போடு அவள் பயிற்சிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, மேலதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வராதவர்கள் பெயரை அடித்துவிட்டார்கள்.

பொறுப்பில் இருந்த அலுவலர் கெட்டவர் இல்லை. அமராவதி அவரிடம் ஒன்றுதான் கேட்டாளாம், மழைக்காலத்தில் இதை வைத்தால் என்ன என்று.

"வச்சா எல்லாரும் வருவீங்கதாம்மா. ஆனா பணம் இப்பத்தான வருது. மார்ச்சுக்குள்ள செலவு பண்ணலன்னா திரும்பிப் போயிடும்."

"பணம் திரும்பிப் போவக் கூடாது. நாங்க திரும்பிப் போலாமா சார்?"

அடுத்த வருஷம் மனு போடச் சொன்னார். அடுத்த வருஷம் என்றால் அடுத்த மாசி.

காலி நாற்காலிகளோடு போட்டோ எடுத்தால் மேலே கேள்வி வரும் என்பதால், அங்கே நின்ற ஆட்களைப் பிடித்து உட்கார வைத்தார்கள். படத்தை நானே பார்த்தேன். முதல் வரிசையில், கை கட்டிக்கொண்டு, நம் கலியபெருமாள். சர்ட்டிபிகேட்டும் வந்திருக்கிறது, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். டீக்கடை ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கத் தெரியாத மனிதர், சர்க்கார் கணக்கில் இன்று ஆயில் இன்ஜின் மெக்கானிக். ஓடிப்போனவர்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல அவரை விடத் தகுதியான ஆள் ஏது?

இப்போது மறுபடியும் ஐப்பசி. பயிற்சிக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே இன்ஜின்மேல் சாக்கு. பாத்திகளில் மழைத் தண்ணீர். அமராவதி கழுவெளிச் சதுப்பில் இடுப்பளவு சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போகிறாள். முதலாளி பங்குனியிலேயே திண்டிவனத்திலிருந்து ஒருவரை இன்ஜினுக்கு வைத்துவிட்டார். அவருக்கு மழையிலும் சம்பளம் நடக்கிறது.

பெயரை அடித்த மறுநாள் விடியலில், வாங்கிய விடியல்களைத் திருப்பிக் கொடுக்க அமராவதி பொன்னியின் பாத்தியில் இறங்கியிருக்கிறாள். பொன்னி வந்து உப்பு வாரும் பலகையைப் பிடுங்கிக்கொண்டாளாம்.

"நான் வாரிக் குடுத்தது நீ வாரிக் குடுக்கறதுக்கு இல்லடி. இன்ஜின்ல போயி உக்காரு. உக்காந்த அன்னிக்கு என் பாத்திக்கு மொதல்ல தண்ணி வுடு. அது வரைக்கும் கடன் கடன்தான்."

அதன்பிறகு பருவம் முடியும்வரை பொன்னியின் பாத்திக்குத் தண்ணீர் விட்டது திண்டிவனத்துக்காரர்தான். எல்லாருக்கும் விட்டுவிட்டு, கடைசியில்.