நீலம் வராத கஞ்சி

கோயம்புத்தூர் மில்களில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டவர்கள் எத்தனையோ பேர். கஞ்சியைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், முப்பது வயதுக்குள் மேஸ்திரி ஆனேன். பிற்பாடு பெரியநாயக்கன்பாளையத்தில் கஞ்சி போடும் மெஷினைச் சொந்தமாகவே வைத்தேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கத்தான் கஞ்சி. நெய்து முடித்ததும் துணியை அலசி அதை எடுத்துவிட வேண்டும். போய்விட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் விடுவோம். கஞ்சி மிச்சமிருந்தால் நீலம் காட்டும். இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். நான் கவனித்தது வேறு. நூல் வழுவழுப்பாக வர மரவள்ளிமாவுக் கஞ்சியில் ஆட்டுக்கொழுப்பும் சோப்பும் சேர்ப்போம். கொதிக்கும்போதே சேர்த்த கஞ்சியில் நீலம் சரியாக வராது. ஆறிய பிறகு சேர்த்தால் பளிச்சென்று வரும். அதே மாவு, அதே கொழுப்பு, அதே சோப்பு.

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர் மாணவர்களுடன் நான் மேஸ்திரியாக இருந்த மில்லைப் பார்க்க வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது வேண்டிய இடங்களிலெல்லாம் இருக்கிறது. நான் கண்டதை அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, அயோடின் பழசாப் போயிருக்குமுங்க."

"சீசாவ இன்னைக்குத்தானுங்க தொறந்தேன். நீங்களே ஊத்திப் பாருங்."

ஊற்றிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அதன்பின் ஒரு வருஷத்துக்கு மேல், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். கஞ்சி காய்ச்சுவது நான், அளந்து எழுதுவது அவர். அத்தனை படித்தவர் காய்ச்சினால் கட்டி கட்டியாக நிற்கும். கடைசியில் காரணத்தை அவரே விளக்கினார். மாவுச்சத்து கம்பிச்சுருள் மாதிரி சுற்றி நிற்குமாம். அயோடின் அதன் நடுவே போய் உட்கார்ந்தால்தான் நீலம். கொதிக்கிற கஞ்சியில் கொழுப்பு முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அயோடினுக்கு இடமில்லை. இப்படி ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள் குடியிருப்பதைப் பற்றி இப்போது தனிப் படிப்பே நடக்கிறதாம்.

இதைப் பற்றி அவர் கட்டுரை எழுதி முடித்த அன்று காப்பி வந்தது, குடிக்கச் சொன்னார்.

"வேண்டாமுங்க," என்றேன்.

"அட, குடிங்."

"இப்பத்தானுங்க ஊட்டுல குடிச்சேன்."

"சும்மா குடிங் மேஸ்திரி, ஆறிப்போகுதில்ல."

குடித்தேன். எங்கள் பக்கத்தில் எதையும் முதல் தடவையிலேயே வாங்கிவிட மாட்டோம். கொடுக்கிறவர் மூன்று தடவை கேட்பார். இரு தரப்புக்கும் அதுதான் மரியாதை. டம்ளரைக் கீழே வைத்தபோது அவர் கேட்டார்.

"கட்டுரையில உங்க பேரையும் போட்டுறட்டுங்களா?"

"அதெல்லாம் எனக்கு எதுக்குங் சார்," என்றேன்.

"சரிங்க," என்று பேனாவை மூடிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி கேட்பார் என்று இருந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் இருந்தேன். என் பெயர் அச்சில் வரப்போவதாக வீட்டுக்காரியிடம் சொல்லியும்விட்டேன். கட்டுரை சீமைப் பத்திரிகையில் வந்தது. மில் ஆபீஸ் கிளார்க்கிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். கடைசியில் ஒரே ஒரு வரி: உதவிய ஆலைத் தொழிலாளிக்கு நன்றி.

"மேஸ்திரின்னுகூடப் போடலீங்களே," என்றான் கிளார்க். அவனுக்கு அது வேடிக்கை.

பிறகு ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும், கட்டுரையின் ஒரு பிரதியைக் கேட்டு அவருக்குத் தபால் கார்டுகள் வந்தன. எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் கட்டுரைகளின் அடியில் அவர் பெயரைப் போட்டார்கள். எத்தனை பேர் அப்படிப் போடுகிறார்களோ அதுதான் விஞ்ஞானிக்கு மதிப்பாம். அந்த மதிப்பில் துறைத்தலைவரும் ஆனார். அப்போது ஒருநாள் கூப்பிட்டனுப்பினார், போனேன். புதுப் பத்திரிகை ஒன்றை விரித்துக் காட்டினார்.

"பாருங் மேஸ்திரி, அமெரிக்காக்காரன் நம்ம வேலையச் சொல்லியிருக்கறான்."

"நம்ம வேலைங்களா? அப்ப எம்பேரு எங்கீங்க?"

அவர் முகத்தில் ஆச்சரியம். "நீங்கதானுங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க!"

பொய் சொல்லவில்லை. நான் சொன்ன வார்த்தைதான். வேற்றூர்க்காரர் இப்படிச் செய்திருந்தால் தெரியாமல் செய்தார் என்று விட்டிருப்பேன். இவர் காப்பிக்கு மூன்று தடவை கேட்கத் தெரிந்தவர்.

அதற்குள் காப்பி வந்தது.

"குடிங்."

"வேண்டாமுங்க."

"அட, குடிங் மேஸ்திரி."

"வேண்டாமுங்க."

"கோவமுங்களா? ஒரு வாய் குடிங்."

மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று சொல்லி நான் எழுந்து வந்தது அன்றைக்கு மட்டும்தான்.