சூரியனில் இரும்பு

மெர்சியின் அம்மாவும் அப்பாவும் புதுவாயல் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். மெர்சி கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் லேபில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். உலையிலிருந்து வரும் இரும்புத் துண்டின் மேல் அங்குள்ள மெஷின் ஒரு பொறி அடிக்கும். அந்த வெளிச்சத்தைப் பிரித்து, இரும்போடு கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று காட்டும்.

ஒரு மதியம் மெஷினை சர்வீஸ் செய்ய வந்த பாஸ்கரிடம் தன் வெகுநாள் சந்தேகத்தைக் கேட்டாள்.

"சார், நட்சத்திரத்துக்கு யாரும் போனதில்ல. அதுல இன்னா இருக்குன்னு எப்டி சொல்றாங்க?"

பாஸ்கர் சிரித்தார். "நீங்க தினமும் பண்றதுதாம்மா. வெளிச்சத்தப் பிரிச்சுப் பாக்குறாங்க. பிரிச்சா ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி கோடு தெரியும். சூரியனும் நட்சத்திரம்தான். அதுலகூட இரும்பு இருக்கு."

"இதே இரும்பா?"

"இதேதான். கோடெல்லாம் அதே இடத்துல விழுது."

மெர்சி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தாள். பதினைந்து கோடி கிலோமீட்டர் தாண்டி, புறப்பட்ட இடத்தின் சேதியையும் சுமந்துகொண்டு வந்த வெயில் அவள் புறங்கையில் விழுந்தது. ஆலைச் சங்கு ஊதும்வரை அவள் அங்கேயே நின்றாள்.