மாமாவின் அளவு நோட்டு

என் மாமா தையல்காரர். ஒருவரைப் பார்த்தவுடன் அவர் இடுப்பு எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவார். ஆள் எப்படி என்று மட்டும் லேசில் சொல்லமாட்டார்.

எங்கள் தெருவில் நாற்பது பேரின் பெயரை வாக்காளர் பட்டியலில் காணோம். நாற்பதும் முஸ்லிம் பெயர்கள். அதில் மாமியின் பெயரும் ஒன்று. இதற்காகத் தொடங்கிய போராட்டக் குழுவிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் நான் அங்கே பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

“பாய், நீங்க குழுவுல சேரணும். உங்க அளவு நோட்டுல தெருவுல எல்லார் பேரும் போன் நம்பரும் இருக்காமே? அதையும் குடுத்தீங்கன்னா வேலை சுலபம்.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

போகும்போது, கால் நீளத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு பேண்ட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் புரட்டிக்கொண்டிருந்த மாமாவின் கை இடுப்புப் பட்டையில் நின்றது.

“இங்க பாரும்மா, பெல்ட் மாட்டுற லூப்பு. மூணு விரல் போகுது. யூனிஃபார்முக்குத்தான் இப்படித் தைப்பாங்க.”

“போலீஸா மாமா?”

“மெதுவாப் பேசு. மெஷினுக்குக் கேட்டுடப் போகுது.”

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. “காணாமப் போனது என் பேரு. ஒரு பேண்ட்டுக்குப் பயந்து படுத்துக் கிடக்காரு” என்று மாமி சிரித்தார்.

“மத்தவங்க ஊர்வலம் போனா ரோட்டுல நெரிசல்னு பேப்பர்ல எழுதுவான். நாம போனா வேற பேரு வைப்பான். தெரியுமா உனக்கு?” என்றார் மாமா.

மூன்றாம் நாள் கண்ணாடிக்காரர் வந்தார்.

“பெல்ட் ரொம்ப அகலமோ?” என்று மாமா கேட்டார்.

“அதுவா? என் மச்சானோட பேண்ட் பாய். ஏடிஎம்ல செக்யூரிட்டி. தொப்பை போட்டுருச்சு, எனக்குத் தள்ளிட்டான்.”

மாமா பேண்ட்டின் பின் தையலைப் பார்த்தார். இரண்டு முறை பிரித்து அகலப்படுத்திய தடம் இருந்தது. லூப்பைப் பார்த்த பதற்றத்தில் முதல் நாள் இதைப் பார்க்கவே இல்லை. தொப்பை உண்மைதான். மற்றது உண்மையா என்று தையலில் தெரியாது.

“குழுவுல சேர்ற தாளைக் குடுங்க” என்று வாங்கித் தன் பெயரை எழுதினார்.

“அந்த நோட்டு, பாய்?”

“என் பேரை நான் குடுக்கலாம். அவங்க பேரு என்கிட்ட இருக்கறது சட்டை தைக்கத்தான். வேணும்னா வீடு வீடாப் போய்க் கேளுங்க. நானும் கூட வர்றேன்.”

கண்ணாடிக்காரர் முகம் சுருங்கியது. ஏன் சுருங்கியது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அன்று கடையை அடைக்கும்போது, எப்போதும் மேசையில் கிடக்கும் நோட்டை மாமா சட்டைக்குள் செருகிக்கொண்டார்.