மாரீஸ்வரியின் மடக்கு கீபோர்டு

பாளையம்பட்டியில் நான் செல்போன் கடை வைத்துப் பதினோரு வருடமாகிறது. போன் சரியில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் போன் நன்றாகத்தான் இருக்கும், பொறுமைதான் இருக்காது. எம்.ரெட்டியபட்டி மாரீஸ்வரியையும் அந்தக் கூட்டத்தில்தான் முதலில் சேர்த்தேன். தொட்டால் எழுத்து விழவில்லை என்றாள். நான் தொட்டேன், விழுந்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. பத்து விரலையும் மேசைமேல் விரித்து வைத்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து லீவு நாளெல்லாம் கரிமூட்டத்தில் வேலை. வேலிக்கருவை விறகை அடுக்கி, மண் மூடிப் புகையவிட்டு, சூடு ஆறும் முன்பே பிரித்துக் கரி பொறுக்கிய விரல்கள். நுனியெல்லாம் காய்த்துச் செருப்புத் தோலாகத் தடித்திருந்தன. அந்த விரல் படுவதே போனுக்குத் தெரியவில்லை. சொன்ன சொல்லுக்காக எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஊரில் நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளர் இடம் காலியாகியிருந்தது. மாரீஸ்வரி பன்னிரண்டாவது தேறியவள், மண்வெட்டி பிடித்தே பத்து வருடம் ஆனவள். ஆனால் வேலைக்கு வருகிறவர்களின் பெயர்களைக் காலை ஒன்பதரைக்குள் போனில் ஏற்ற வேண்டும். போனே மதிக்காத கைக்கு இந்த வேலையா என்று ஊர் சிரித்தது. ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள் எல்லோர் முன்னாலும் ஏற்றிக் காட்டட்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று ஊராட்சிச் செயலர் தனுஷ்கோடி சொல்லியிருந்தார். நடுவில் இருபது நாள் இருந்தது.

பேசினால் எழுதும் வசதியைக் காட்டினேன். வேலை நடக்கும் கண்மாய்க் காற்றுக்கும் நாற்பது பேர் சத்தத்துக்கும் நடுவே அது உதவாது என்றாள். அப்போதுதான் துபாயிலிருந்து வந்த அஃப்ரீத் என்னிடம் விற்றுவிட்டுப் போன மடக்கு கீபோர்டு ஞாபகம் வந்தது. மூன்றாக மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். வயர் கிடையாது. முழுதாக விரித்தால் தானே ஆன் ஆகி, ப்ளூடூத்தில் போனோடு சேர்ந்துகொள்ளும். பட்டனை அழுத்தினால் போதும், அழுத்துவது எந்த விரல் என்று அது கேட்காது. தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன்.

கண்மாய் வேலையில் சோற்று நேரம் வந்ததும், சாந்துச்சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கீபோர்டை விரிப்பாளாம். தூக்குவாளியில் போனைச் சாய்த்து வைத்து, வந்தவர் போனவர் பெயரையெல்லாம் அடித்துப் பார்ப்பாளாம். முதல் வாரம் ஒரு பெயருக்கு மூன்று நிமிஷம் ஆனது. இருபதாம் நாள் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இதற்குள் அவள் வீட்டுக்காரர் சுப்புராஜ் தன் பங்குக்கு ஒன்று செய்துவைத்தார். டிராக்டர் ஓட்டுகிறவர், பக்தியான மனுஷன். ஆயுத பூஜையன்று டிராக்டருக்கும் மண்வெட்டிக்கும் பொட்டு வைத்தவர், பெண்டாட்டியின் ஆயுதத்தை விடுவாரா? மடக்கி வைத்திருந்த கீபோர்டின் கீல்களில் சந்தனத்தை அள்ளிப் பூசிச் சாமி முன்னால் வைத்துவிட்டார். லீவு முடிவதற்குள் அது கல்லாக இறுகிவிட்டது.

மறுநாள் காலை கண்மாய்க்கரையில் கீபோர்டு பாதி விரிந்து நின்றுகொண்டது. விளக்கு எரியவில்லை. நாற்பத்தோரு பேர் சுற்றி நிற்கிறார்கள். தனுஷ்கோடி கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பதரைக்கு மேல் ஒரு நிமிஷம்கூடத் தரமுடியாது என்றார்.

"நீங்க மணியப் பாருங்க சார், நான் இதப் பாக்குறேன்" என்றாள் மாரீஸ்வரி.

தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். கீல் கீலாகச் சந்தனத்தைச் சுரண்டி ஊதினாள். அவசரப்பட்டு அமுக்கினால் ஒடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். சுப்புராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கீபோர்டு விரிந்து விளக்கு எரிந்தபோது இருபத்திரண்டு நிமிஷம்தான் மிச்சம். அதன்பிறகு அவள் நிமிரவேயில்லை. வரிசையில் வந்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள், அவள் அடித்துக்கொண்டே போனாள். நாற்பத்திரண்டாவது பெயரையும் அடித்து முடித்தபோது ஒன்பது இருபத்தெட்டு.

தனுஷ்கோடி போனை வாங்கி மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். "கடைசிப் பேர எடுத்துரும்மா" என்றார். கடைசிப் பெயர் அவளுடையது. அவர் நிதானமாகச் சொன்னார்: "இது மண்ணு வெட்டுறவுக லிஸ்டு. ஒம் பேரு மேல, பொறுப்பாளருன்னு இருக்குல்ல, அங்கதான் வரணும்."

பழக்கதோஷத்தில் தன்னையும் கூலி வரிசையில் சேர்த்திருந்தாள். அதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மேலே போய் அடித்தாள்.

சாயங்காலம் கடைக்கு வந்து இதையெல்லாம் சொன்னாள். "நாப்பத்தொரு பேருக்கும் ஒரு தப்பு வரலண்ணே. எம் பேருக்கு மட்டும் மூணு தடவ தப்பாப் போச்சு. கண்ணு நெறஞ்சு பட்டனே தெரியல."